பெரியப்பா முதல் நாளே சொன்னார்

பொங்கல் முடிந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு நாங்கள் ஏழு பேர் ஏரிக்கரையில் நின்றிருந்தோம். எங்கள் காலனிக்கும் ஊருக்கும் நடுவில் கிடக்கிற ஏரி. செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்படி ஏரிகளுக்குக் குறைவில்லை, ஆனால் வெளியாட்கள் யாரும் பறவை பார்க்க வருகிற ஏரி அல்ல இது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கத் தன்னார்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 2015-லிருந்து நடக்கிறது. மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையாக இருக்கட்டும் என்று மூன்று வருடமாக நாங்களும் எண்ணிக் கொடுக்கிறோம். கல்லூரி ஆசிரியர் ஒருவர் இரவல் தந்த ஒரு பைனாகுலர், இரண்டு நோட்டுப் புத்தகம், கையிலிருக்கும் போன்கள். இவ்வளவுதான் எங்கள் கருவிகள்.

வழக்கமாக வருகிறவையெல்லாம் வந்திருந்தன. நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, நடு ஏரியில் நீலச்சிறகிக் கூட்டம், கொஞ்சம் ஊசிவால் வாத்து. அப்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, “அக்கா, அங்க ஒண்ணு பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு” என்றாள். பைனாகுலரை வாங்கிப் பார்த்தோம். சிவந்த அலகு, கண்ணுக்கு மேல் அகலமான வெள்ளைப் பட்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பிடரிமயிர், முதுகில் பாய்மரம் போல நிமிர்ந்து நிற்கும் இரண்டு ஆரஞ்சு இறகுகள். புத்தகத்தைப் புரட்டவே தேவைப்படவில்லை. மாண்டரின் வாத்து. ஆண்.

அடுத்த கால் மணி நேரம் யாரும் ஒழுங்காகப் பேசவில்லை.

மாண்டரின் வாத்தின் சொந்த இடம் கிழக்கு ரஷ்யா, சீனா, கொரியா, ஜப்பான் பக்கம். இந்தியாவுக்குள் வருவது மிக அபூர்வம். 2021 பிப்ரவரியில் அசாமின் தின்சுகியா மாவட்டத்தில் மாகுரி-மோட்டாபுங் என்ற நீர்நிலையில் ஒன்று தென்பட்டது. அந்தப் பகுதியில் அதற்கு முன் 1902-ல்தான் பதிவு. நூறு வருடத்துக்கும் மேலான இடைவெளி. நாடு முழுவதும் பத்திரிகைகள் எழுதின, கேமராக்காரர்கள் விமானம் ஏறிப் போனார்கள். அந்தச் செய்தியை எங்களில் ஒருவன் கரையிலேயே போனில் எடுத்துக் காட்டினான். அசாமுக்கு வரலாம் என்றால் இங்கே ஏன் வரக்கூடாது என்று கேட்டான். கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

அந்தச் செய்திக்குப் பின்னால் இன்னொரு செய்தியும் உண்டு. அதே நீர்நிலைக்குப் பக்கத்தில் பாக்ஜானில் 2020 மே 27 அன்று எண்ணெய் எரிவாயுக் கிணறு வெடித்தது. ஜூன் 9-ல் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். முழுதாக அணைக்க நவம்பர் ஆகிவிட்டது. மூன்று மாதம் கழித்து வாத்து வந்தது. அதைத் தேடிப் போனவர்களில் எத்தனை பேர் முகாமுக்குப் போனவர்களைத் தேடியிருப்பார்கள் என்று கோபமாகக் கேட்டோம். ஆனால் அன்று காலை எங்கள் மனதில் ஓடிய கணக்கு அந்தக் கோபத்துக்கு நேர் எதிரானது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஏரியின் வடக்கு மூலையில் இரவில் லாரி வரும். கல்யாண மண்டபக் கழிவு, ஓட்டல் கழிவு, இடித்த கட்டடத்தின் கல்லும் மண்ணும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்திருக்கிறோம். காலனி வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். ரசீது கிடைத்தது. இப்போது ஒரு சீன வாத்து வந்திருக்கிறது. நூறு குடும்பத்தின் கையெழுத்து செய்யாததை இது செய்யும் என்று எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அதனால் அது காட்டுப் பறவையாக இருந்தே ஆகவேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டோம்.

அப்போது கரையில் பெரியப்பா இருந்தார். எங்கள் எல்லோருக்குமே அவர் பெரியப்பாதான். முப்பது வருடம் அடுத்தவர் வாத்துகளைக் கூலிக்கு மேய்த்தவர். அறுவடை முடிந்த வயல் வயலாக, நெல்லூர்ப் பக்கம் வரைக்கும் நடந்தே ஓட்டிக்கொண்டு போனவர். பைனாகுலரைக் கொடுத்தோம். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, வெறுங்கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது மனுஷன் கையில சோறு தின்ன வாத்துடா” என்றார்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டோம். “நாலு நாளா பாக்குறேன். பொம்பளைங்க படித்துறையில பாத்திரம் கழுவுற நேரத்துக்குக் கரெக்டா வருது. பருக்கை மிதக்கும்ல, அதைத் தின்னுது. மத்ததெல்லாம் ஆள் வந்தா நடு ஏரிக்குப் போயிடுது. இது மட்டும் எதுக்குக் கிட்ட வருது?”

“பெரியப்பா, களைச்சு வந்த பறவை அப்படித்தான் இருக்கும்” என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் பீடி பற்ற வைத்தார். நாங்கள் பதிவேற்றினோம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கிற தன்னார்வலர் எழுதியிருந்தார். அபூர்வமான பறவை என்று யார் பதிவிட்டாலும் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். மாண்டரின் என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் அது காட்டிலிருந்து வந்ததா, யாரோ வளர்த்துத் தப்பியதா என்று தெரியவேண்டும். காலும் இறக்கையும் தெரிகிற படம் இருக்கிறதா, பறந்து பார்த்தீர்களா, எதனுடன் சேர்ந்திருந்தது என்று மரியாதையாகவே கேட்டிருந்தார். எங்களுக்குச் சுள்ளென்று வந்தது. பிறந்ததிலிருந்து சான்று கேட்டே வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். சாதிச் சான்றிதழுக்கு, உதவித்தொகைக்கு, ஹாஸ்டலுக்கு. தாலுகா ஆபீசில் நிற்காதவர் எங்களில் யாரும் இல்லை. இப்போது வாத்துக்கும் பூர்வீகச் சான்றா? “டாக்டரோ வக்கீலோ போட்டிருந்தா இப்படிக் கேப்பாங்களா?” என்று குழுவில் எழுதினோம். அன்று இரவு வந்த மறுமொழிகள் எல்லாம் அதே சூட்டில் இருந்தன.

அடுத்த நாள் எங்களில் ஒரு கல்லூரி மாணவி அதே தளத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தாள். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள், பேர்போனவர்கள் போட்ட மாண்டரின்களும் ‘தப்பி வந்தது’ என்ற குறிப்போடு கிடந்தன. அதைப் பார்த்த பிறகுதான் கேள்வி எங்களைப் பற்றியது அல்ல, பறவையைப் பற்றியது என்று உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்த வாரம் முழுக்க இதைப் படித்தோம். இளைய தோழர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறோம்.

நீர்ப்பறவைகளில், அதுவும் வாத்து இனங்களில், இந்தச் சிக்கல் மற்றவற்றைவிட அதிகம். காரணம் எளிது. வாத்து அழகு, வளர்ப்பது சுலபம், உலகம் முழுக்க வாங்கி விற்கிறார்கள். பண்ணை வீட்டுக் குளத்திலும் ரிசார்ட்டிலும் விட்டு வைக்கிறார்கள். இறக்கை நன்றாக இருந்தால் ஒரு நாள் பறந்து போய்விடும். எனவே ஓர் அபூர்வ வாத்தைப் பார்த்தால் முதலில் கேட்கவேண்டியது, இது எவ்வளவு தூரம் பறந்து வரக்கூடியது என்பது மட்டும் இல்லை. பக்கத்தில் எத்தனை பேர் இதை வளர்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். 2018 அக்டோபரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு மாண்டரின் வந்து நகரத்தையே கூட்டியது. அதன் காலில் வளையம் இருந்தது. யாரும் அதைக் காட்டுப் பறவைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டம் அதற்காகக் குறையவும் இல்லை.

பிறகு உடம்பைப் பார்க்கவேண்டும். வளர்ப்பவர்கள் பறவை பறந்துவிடாமல் இருக்க ஒரு பக்க இறக்கையின் இறகுகளைக் கத்தரிப்பார்கள். அது அடுத்த இறகுதிர்ப்பில் திரும்ப முளைத்துவிடும். இறக்கை நுனியை எலும்போடு வெட்டிவிடுவதும் உண்டு. அது முளைக்காது, இறக்கையை விரிக்கும்போது ஒரு பக்கம் குட்டையாகத் தெரியும். அமெரிக்கா போன்ற நாடுகளில் பண்ணையில் பிறந்த வாத்துக்கு அடையாளமாகப் பின்விரலை வெட்டுகிற வழக்கமும் இருக்கிறது. இதனால்தான் பறவை பார்ப்பவர்கள் வாத்தின் அழகான முகத்தை விட்டுவிட்டு அதன் காலையே முறைத்துப் பார்க்கிறார்கள். கூண்டில் கிடந்த பறவைக்கு வால் இறகும் இறக்கை நுனியும் தேய்ந்து பிய்ந்திருக்கும்.

காலில் வளையம் இருந்தால் வளர்ப்புப் பறவை என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. ஆய்வாளர்களும் வளையம் போடுகிறார்கள். வரித்தலை வாத்துகளுக்கு மங்கோலியாவில் கழுத்துப் பட்டை போட்டு விடுகிறார்கள். அந்தப் பட்டையோடு அவை கர்நாடக ஏரிகளில் வந்து இறங்கியிருக்கின்றன. இமயத்தைத் தாண்டி வந்த அசல் காட்டுப் பறவைகள் அவை. வித்தியாசம் வளையத்தின் வகையில் இருக்கிறது. ஆய்வு வளையம் பெரும்பாலும் உலோகம், எண்ணும் முகவரியும் பொறித்திருக்கும், வளர்ந்த பறவையின் காலில் வைத்து நெருக்குவதால் அதில் ஒரு பிளவுக்கோடு இருக்கும். வளர்ப்பவர்கள் போடுவதில் பிளவே இல்லாத முழு வட்டங்கள் உண்டு. குஞ்சாக இருக்கும்போது விரல்கள் வழியே நுழைத்தால்தான் அது ஏறும். மனிதன் கையில் பொரித்த குஞ்சு என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

நடத்தையும் ஒரு சான்றுதான். ஆனால் பலவீனமான சான்று என்று படித்தோம். களைத்து வந்த காட்டுப் பறவை மனிதனைக் கண்டு ஓடாமல் இருக்கலாம். கூண்டிலிருந்து தப்பியது ஒரே மாதத்தில் மிரட்சி பழகிவிடலாம். அதைப் படித்தபோது எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பெரியப்பா சொன்னதைத் தள்ளிவிட ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

உடம்பில் எந்தத் தடயமும் இல்லாவிட்டால்? அப்போது மாதம், வந்த திசை, கூட வந்த பறவைகள், சுற்றியுள்ள நாடுகளில் அந்தப் பருவத்தில் தென்பட்டவை என்று எல்லாவற்றையும் சேர்த்து எடை போடவேண்டியதுதான். அசாம் பறவைக்கு இவை சாதகமாக இருந்தன. குளிர்காலம், சீனத்துக்குப் பக்கத்து நிலம், அதே பகுதியில் பழைய பதிவு. அதனால் அதைக் காட்டுப் பறவையென்றே பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். அது தீர்ப்பு இல்லை, எடை போட்டதில் வந்த முடிவு.

சில சமயம் இறகே பேசும். 2005-ல் டென்மார்க்கில் ஒரு பைக்கால் வாத்து சுடப்பட்டது. சைபீரியப் பறவை, ஐரோப்பாவில் வளர்ப்பாகவும் நிறைய உண்டு. எங்கிருந்து வந்தது? மழைநீரில் ஹைட்ரஜனின் கனமான வகை எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்த அளவு தண்ணீர், தீனி வழியாக இறகுக்குள் போய், இறகு வளர்ந்து முடிந்ததும் அப்படியே உறைந்துவிடும. டென்மார்க்கில் அந்தப் பறவையின் குஞ்சுப்பருவ இறகையும் பிறகு முளைத்த இறகையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். முதலாவது சைபீரியாவோடு பொருந்தியது, இரண்டாவது மேற்கு ஐரோப்பாவோடு. பறந்து வந்த பறவைதான். அதற்குப் பிறகுதான் பிரிட்டன் தன் பட்டியலில் இந்த இனத்தைக் காட்டுப் பறவையாகச் சேர்த்தது. எதை வைத்து? 1906-ல் எசெக்ஸில் சுட்டு, பாடம் செய்து வைத்திருந்த ஒரு பைக்கால் வாத்தை வைத்து. நூறு வருடத்துக்கு முன் செத்த வாத்தின் வழக்கு அப்படித் தீர்ந்தது.

அதே பிரிட்டன் பட்டியலில் எங்கள் மாண்டரினுக்கும் ஒரு வினோதமான இடம் உண்டு. அங்கே அது தப்பி வந்ததும் இல்லை, தானாக வந்ததும் இல்லை. வளர்த்தவர்களிடமிருந்து வெளியேறி, காட்டில் தானே முட்டையிட்டுத் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது என்பதால் 1971-ல் தனிப் பிரிவில் பட்டியலுக்குள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எதிர்முனையில் செம்பழுப்பு வாத்து. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து இங்கிலாந்தில் வளர்த்தது, தப்பியது, பெருகியது. ஸ்பெயினில் அருகிவந்த வெண்தலை வாத்துடன் கலப்பதால் பிரிட்டனில் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். ‘மண்ணின் பறவை’, ‘வந்தேறி’ என்ற சொற்களை இந்த இடத்தில் படிக்கும்போது எங்களுக்குக் குளிர்ந்தது. இவற்றை மனிதர்கள் மேல் எறிகிறவர்களை நாம் அறிவோம். ஆனால் அதற்காக வாத்து விஷயத்தில் கேள்வியே தப்பு என்று சொல்லிவிட முடியாது என்றும் தோன்றியது. வெண்தலை வாத்து அழிந்தால் அழிந்ததுதான்.

நான்காம் நாள் மறுபடி கரைக்குப் போனோம், காலைப் பார்க்க. வாத்து படித்துறைக்குப் பக்கத்தில் இருந்த கல்லின் மேல் ஏறி நின்று இறகு கோதியது. இறக்கை விரித்தபோது இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, பின்விரலும் இருந்தது. மூச்சு விட்டோம். பிறகு அது வலது காலைத் தூக்கியது. நீல நிறத்தில் ஒரு வளையம். பைனாகுலரில் போனை வைத்து எடுத்த பதினான்கு படங்களில் ஒன்றில் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். பிளவு இல்லை. எழுத்தும் இல்லை.

அன்று மாலை வகுப்பறையில் நடந்த சண்டையை முழுதாக எழுத முடியாது. ஒரு தம்பி, “மத்த பதிமூணு போட்டோவைப் போடுவோம். நாம பொய் சொல்லலியே” என்றான். இன்னொருத்தி, “அவங்க லாரில கொண்டு வந்து கொட்டுறது மட்டும் உண்மையா? அவங்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?” என்றாள். அவள் வீடு வடக்கு மூலையை ஒட்டி இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தக் கழிவுத்தண்ணீர் அவள் வாசலுக்குத்தான் வரும். அவளுக்குப் பதில் சொல்வது சுலபமாக இல்லை. பத்தாம் வகுப்புப் பெண்தான், முதலில் வாத்தைப் பார்த்தவள், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா, பாத்தவங்க பேருன்னு இருக்கே, இதுல பெரியப்பா பேரு ஏன் இல்ல?”

இல்லைதான். ஏழு பேர் பெயர் எழுதியிருந்தோம். கரையில் நின்றது எட்டுப் பேர். நாலு நாள் முன்னாலிருந்தே அந்த வாத்தைப் பார்த்து வந்தவர் அவர் ஒருவர்தான். எந்த நேரத்துக்கு வருகிறது, எதைத் தின்கிறது, யார் பக்கத்தில் ஒதுங்குகிறது என்று கவனித்தவரும் அவர்தான். நம் ஆட்களின் சொல் எங்கும் எடுபடுவதில்லை என்று மேடையில் பேசுகிற நாங்கள், எங்களுக்குப் பிடிக்காததைச் சொன்னார் என்பதால் அவரை நோட்டிலிருந்தே விட்டுவிட்டோம். வேண்டுமென்று செய்யவில்லை. அது அதைவிட மோசம்.

பதினான்கு படங்களையும் அனுப்பினோம். குறிப்பில், வலது காலில் பிளவில்லாத நீல வளையம், படித்துறையில் சோற்றுப் பருக்கை தின்கிறது, தப்பி வந்த வளர்ப்புப் பறவையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதி, பார்த்தவர் பட்டியலில் எட்டாவது பெயரைச் சேர்த்தோம். சரிபார்ப்பவர் நன்றி சொல்லி, இவ்வளவு விவரமான குறிப்பு அரிது என்று எழுதியிருந்தார். பெரியப்பாவிடம் படித்துக் காட்டினோம். “அதான் அன்னைக்கே சொன்னேனே” என்றார், அவ்வளவுதான்.

ஒரு நாளிதழ் நிருபர் இதற்கிடையில் வந்துபோனார். வளையத்தைச் சொன்னதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. போகிற போக்கில், “வளர்ப்புப் பறவைன்னு எந்த நிபுணர் சொன்னார்?” என்று கேட்டார். பெரியப்பாவைக் காட்டினோம். சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். சரிபார்ப்பவரின் கேள்வியும் இவருடைய கேள்வியும் எங்களுக்கு ஒரே வாரத்தில் வந்தன. இரண்டையும் ஒரே மாதிரிக் கேள்வி என்று நாங்கள் நினைத்திருந்தோம். முன்னவர் பறவையின் காலைக் காட்டச் சொன்னார். பின்னவர் ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

நான்காவது மனு போய்விட்டது. அதில் மாண்டரின் இல்லை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, புள்ளிமூக்கு வாத்து, நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான் என்று மூன்று வருடக் கணக்கையும், லாரி வந்த இரவுகளின் தேதியையும், வண்டி எண்களையும் இணைத்தோம். ஒரு அதிகாரி வந்து பார்த்தார், “குப்பை கொட்டாதீர்” என்று பலகை நட்டார்கள். பலகைக்குப் பின்னால் இப்போது குப்பை கொட்டுகிறார்கள். ஐந்தாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வாத்து மாசி வரைக்கும் இருந்தது. பிறகு காணவில்லை. பக்கத்துப் பண்ணை வீடு எதற்கும் அது சொந்தமா என்று விசாரித்தோம், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் பெரியப்பா பேச்சுவாக்கில் இன்னொன்று சொன்னார். அவர் கல்யாணத்துக்கு முந்தின பனிக்காலத்தில், ஏரி நிரம்பிக் கிடந்தபோது, தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட பெரிய வாத்துகள் பத்துப் பதினைந்து இறங்கி மூன்று நாள் வயலில் மேய்ந்துவிட்டுப் போயினவாம். வரித்தலை வாத்தேதான். காலில் ஏதாவது இருந்ததா என்று கேட்டோம். “கிட்டயே விடல, எப்படிப் பாக்குறது?” என்றார். படம் இல்லை, தேதி இல்லை, கூட இருந்த இருவரும் இறந்துவிட்டார்கள். பதிவுத் தளத்தில் இதைப் போட முடியாது. எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, பார்த்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதி, கல்யாணம் எந்த வருடம் என்று பெரியம்மாவிடம் கேட்கச் சொல்லி அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணை அனுப்பியிருக்கிறோம்.